ஊசிக்கு இருக்கும் மரியாதை மாத்திரைக்கு ஏன் இல்லை?

(ஒரகடத்தில் பெண் தொழிலாளர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சிறுநீரகத்தில் வரும் கிருமித்தொற்றைப் பற்றி மட்டும் பேசுகிறேன். ஷிப்ட்டில் நிற்கும் பெண்களுக்கு இது அந்நியமான நோய் அல்ல. சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் என்றால், தொற்று பெரும்பாலும் சிறுநீர்ப்பையோடு நிற்கிறது. குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல், விலாப்பக்கம் வலி, வாந்தி என்று வந்தால் அது சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டது என்று சந்தேகிக்க வேண்டும். பெரும்பாலும் காரணம் ஈகோலை என்கிற குடல் பாக்டீரியா.

அந்த நிலையில் நம் மக்கள் கேட்பது ஒன்றே: "டிரிப்ஸ் ஏத்துங்க, ஊசி போட்டாத்தான் கேக்கும்." உண்மையா?

1999இல் அமெரிக்காவில், காய்ச்சலோடு சிறுநீர்த்தொற்று வந்த 306 கைக்குழந்தைகளை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு முதல் நாளிலிருந்தே வாய்வழி மருந்து. இன்னொரு பிரிவுக்கு முதல் மூன்று நாள் நரம்பில் மருந்து, பிறகு வாய்வழி. காய்ச்சல் இறங்கிய நேரமும் ஆறு மாதம் கழித்துச் சிறுநீரகத்தில் இருந்த தழும்பும் இரண்டு பிரிவிலும் ஏறத்தாழ ஒன்றுதான். அதே ஆண்டு சுவிட்சர்லாந்தில் 141 பெரியவர்களிடம் சிப்ரோபிளாக்சசினை மாத்திரையாகவும் நரம்பு வழியாகவும் கொடுத்துப் பார்த்தார்கள். அங்கும் வித்தியாசம் தெரியவில்லை. விழுங்கிய மருந்து குடலிலிருந்து இரத்தத்துக்குப் போகிறது. இரத்தம் சிறுநீரகத்துக்குப் போகிறது. சரியான மருந்து என்றால் வழி எதுவானாலும் வேலை நடக்கும்.

ஆனால் ஊசி உயிர் காக்கும் இடங்கள் உண்டு. வாந்தியில் மாத்திரை தங்கவில்லை, இரத்த அழுத்தம் இறங்குகிறது, நினைவு தடுமாறுகிறது, சிறுநீர் வரவில்லை, கல் அடைத்திருக்கிறது, கர்ப்பமாக இருக்கிறீர்கள் என்றால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். இன்னொன்று, நம் நாட்டில் ஈகோலை பல மாத்திரைகளுக்கு மசிவதில்லை. சிப்ரோபிளாக்சசின் அதில் முக்கியமானது. அதனால் முதல் மருந்து உடலில் ஏறுவதற்கு முன்பே சிறுநீர் கல்ச்சர் பரிசோதனைக்குக் கொடுத்துவிட வேண்டும். முடிவு வர இரண்டு மூன்று நாளாகும். அதுவரை ஊசியில் தொடங்கி, முடிவு பார்த்து மாத்திரைக்கு மாற்றுவதும் நல்ல வைத்தியமே. மெடிக்கலில் கேட்டு வாங்கும் நைட்ரோபியூரன்டாயின் சிறுநீர்ப்பைக்கு உதவும். சிறுநீரகத் திசுவில் போதுமான அளவு சேராது. காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்துவதும் ஆபத்து.

சரி, மாத்திரை போதும் என்று டாக்டர் சொன்னாலும் நாம் ஏன் டிரிப்ஸ் கேட்கிறோம்? அறியாமை என்று சொல்லிவிடுவது எளிது. கையில் பிளாஸ்திரி இருந்தால்தான் சூப்பர்வைசர் நம்புகிறார். மாத்திரை அட்டையைக் காட்டினால், "போட்டுக்கிட்டு லைனுக்கு வா" என்கிறார். உழைக்கிற உடம்பு தனக்கு வலிக்கிறது என்று சொன்னால் நம்பாத சமூகம் இது. சாதி பழக்கிவிட்ட பழக்கம். அடையாளம் கேட்கிறது. அந்த அடையாளத்துக்காக நாம் ஊசிக்கும் படுக்கைக்கும் பணம் கட்டுகிறோம்.

ஆகவே தெளிவாகச் சொல்வோம்: மாத்திரையில் குணமாகும் நோய் என்றால் சின்ன நோய் என்று பொருளல்ல. மாத்திரை சாப்பிடுகிற உடம்புக்கும் ஓய்வு வேண்டும். இஎஸ்ஐ நோய்க்காலப் பணம், தகுதியான சந்தா நாட்கள் இருந்தால், சம்பளத்தில் 70 சதவீதம். அதற்கு இஎஸ்ஐ மருத்துவரின் சான்றிதழ் வேண்டும், ஊசித்தழும்பு வேண்டியதில்லை. அந்தப் பணம் பெறும் காலத்தில் வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 73ஆம் பிரிவு எழுதிவைத்தது. இந்தத் திட்டத்துக்கு அடித்தளமான அடார்கர் அறிக்கை 1944இல் வந்தபோது, வைசிராய் குழுவில் தொழிலாளர் துறையைக் கவனித்தவர் அம்பேத்கர். இது யாரும் போட்ட பிச்சை அல்ல.

கடைசியாக, தண்ணீர். அடிக்கடி சிறுநீர்த்தொற்று வரும், குறைவாகத் தண்ணீர் குடிக்கும் 140 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2018இல் வந்தது. தினமும் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடித்தவர்களுக்குத் தொற்று ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. இவ்வளவு மலிவான மருந்து வேறில்லை. ஆனால் கழிவறைக்குப் போக அனுமதி கேட்க வேண்டும் என்றால் யார் தண்ணீர் குடிப்பார்கள்? 1927இல் மகத் குளத்தில் தண்ணீர் குடிக்க விடமாட்டோம் என்றார்கள். இன்று குழாய் பக்கத்திலேயே இருக்கிறது. நாமே குடிக்காமல் இருக்கும்படி வேலை நேரத்தை அமைத்திருக்கிறார்கள்.

கழிவறை வேலைநேரம் முழுவதும் எட்டும்படி இருக்க வேண்டும் என்று 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 19ஆம் பிரிவே சொன்னது. 2021 டிசம்பரில் பாக்ஸ்கான் விடுதி உணவால் 150க்கும் மேற்பட்ட பெண்கள் மருத்துவமனையில் சேர்ந்தபோது, தோழிகள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தார்கள். அதற்குப் பிறகுதான் விடுதிகள் தரமாக இல்லை என்று ஆப்பிள் ஒப்புக்கொண்டது. சாப்பாட்டுக்குக் கேட்டவர்கள் கழிவறைக்கும் கேட்கலாம். பத்துப் பேர் சேர்ந்து, எழுத்தில், சங்கத்தின் வழியாகக் கேளுங்கள்.