இடாப்பில் இல்லாத பெயர்

 

தேர்தல் காலம் வந்துவிட்டால் நமது ஊர்களில் பேச்சுக்குக் குறைவிருக்காது. தேநீர்க் கடையிலும் பள்ளிவாசல் முற்றத்திலும் யார் வெல்வார், எத்தனை ஆசனம் கிடைக்கும் என்று கணக்குப் பார்ப்போம். ஆனால் கணக்குப் பார்க்கும் அவர்களிடமே, "உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் பெயர் வாக்காளர் இடாப்பில் இருக்கிறதா?" என்று கேட்டுப் பாருங்கள். பலர் மௌனமாகி விடுவார்கள். அந்த மௌனத்தைப் பற்றியே இன்று உங்களுடன் பேச விரும்புகின்றேன். யாருக்கு வாக்களிப்பது என்பது பற்றி ஒரு வார்த்தையும் சொல்லமாட்டேன். அது என் வேலையன்று.

என்னிலிருந்தே தொடங்குகின்றேன். 2010 ஏப்ரல் 8, பாராளுமன்றத் தேர்தல் நாள். அரபுக் கல்லூரி விடுதியில் விடுமுறை பெற்று, பஸ் ஏறி ஊர் வந்து, தேசிய அடையாள அட்டையுடன் வரிசையில் நின்றேன். உத்தியோகத்தர் பட்டியலில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, உங்கட பேர் இதில இல்லையே" என்றார். பிறகு விசாரித்தபோதுதான் விளங்கியது. பிள்ளை விடுதியில் இருக்கிறான், அங்கே பதிவார்கள் என்று வாப்பா படிவத்தில் என் பெயரை எழுதவில்லை. பிள்ளைகளின் பெயர் வீட்டில் இருக்கும் என்று விடுதியில் நினைத்திருந்தார்கள். நானும் எவரிடமும் கேட்கவில்லை. வயது வந்த மனிதன் என்ற வகையில் பெரிய தவறு என்னுடையதே.

அன்பர்களே! வாக்களிப்பு, தேர்தல் நாளில் தொடங்குவதில்லை. கிராம உத்தியோகத்தர் வீட்டு வாசலுக்கு வருகின்ற நாளிலேயே அது தொடங்கிவிடுகின்றது. 1980ஆம் ஆண்டின் தேருநர்களைப் பதிவுசெய்தல் சட்டத்தின்படி நமது இடாப்பு ஆண்டுதோறும் மீளாய்வு செய்யப்படுகின்றது. 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின், பெப்ரவரி 1ஆம் திகதியே அதற்கான தகைமை நாளாகும். அதற்குப் பின்னர் 18 வயதை அடைவோரைக் குறைநிரப்பு இடாப்பில் சேர்க்கவும் அத்திருத்தம் வழி செய்தது. தேர்தல் அறிவிக்கப்பட்ட பின் ஓடிச் சென்று பெயர் சேர்க்க இயலாது. அத்தாட்சிப்படுத்தப்பட்ட இடாப்பை வைத்தே தேர்தல் நடைபெறும்.

விடுபடுபவர்கள் யார் என்று பாருங்கள். விடுதியில் ஓதும், படிக்கும் பிள்ளைகள். கொழும்பில் அறை எடுத்துத் தொழில் செய்யும் இளைஞர்கள். புதிதாக மணம் முடித்தவர்கள். கிழக்கிலே மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போகிறார். மலைநாட்டிலே பெண் கணவன் வீட்டுக்கு வருகிறாள். பழைய வீட்டார் பெயரை வெட்டி விடுகிறார்கள். புதிய வீட்டார் எழுத மறந்து விடுகிறார்கள். மகனின் பெயரை முதலில் எழுதிவிட்டு, "மகள் நாளைக்குப் போகிறவள்தானே" என்று விட்டுவிடும் தகப்பன்மாரும் நம்மில் உண்டு. இந்நாட்டிலே 1931இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றாகவே சர்வஜன வாக்குரிமை கிடைத்தது. சட்டம் கொடுத்ததைத் தகப்பனின் பேனா பறிக்கலாமா?

தாய்மார்களே, இன்னொரு விடயத்தை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். பிள்ளையை முதலாம் தரத்தில் சேர்க்க விண்ணப்பிக்கும்போது, கடந்த ஆண்டுகளின் வாக்காளர் இடாப்புப் பிரதி கேட்கப்படுகின்றது. அன்றுதான் பல வீடுகளில் கண்ணீர். ஒரு வருடம் விடுபட்டாலும் புள்ளி குறைகின்றது.

இப்பெயருக்காக நம் சமூகத்தில் ஒரு பகுதியினர் பட்ட பாட்டை இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களில் பெருந்தொகையினர் புத்தளத்தில் குடியேறினர். வாழும் ஊரில் பதிந்தால் பிறந்த ஊரின் உரிமை போய்விடுமோ, பிறந்த ஊரில் பதிந்தால் வாழும் ஊரில் கேள்வி வருமோ என்று இரண்டுக்கும் நடுவே பல்லாண்டுகள் தவித்தார்கள். இடம்பெயர்ந்தோரின் பதிவுக்கென 2013இல் தனியாக ஒரு விசேட ஏற்பாடுகள் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. 2019 நவம்பர் 16, ஜனாதிபதித் தேர்தல் நாளன்று புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வாக்களிக்கச் சென்றவர்களின் பஸ்கள் மீது தந்திரிமலைப் பகுதியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. அல்ஹம்துலில்லாஹ், உயிர்ச்சேதம் ஏற்படவில்லை. அவர்கள் தொடர்ந்து பயணம் செய்தார்கள். நமக்கோ வாக்களிப்பு நிலையம் பக்கத்துப் பாடசாலையில். அதற்கே வெயில் அதிகம் என்கிறோம்!

மார்க்கம் இதை எப்படிப் பார்க்கின்றது? மஆரிஃபுல் குர்ஆனின் ஆசிரியர் முஃப்தி முஹம்மத் ஷஃபீஉ (ரஹ்) அவர்கள் வாக்களிப்பதைச் சாட்சியமாகவும், பரிந்துரையாகவும், பிரதிநிதியை நியமித்தலாகவும் விளக்கியிருக்கிறார்கள். சாட்சியம் என்றால், காசுக்கும் அரிசிப் பொதிக்கும் விற்கக் கூடியதன்று. பிறர் பெயரில் சொல்லக் கூடியதுமன்று. கட்டாரில் இருக்கும் தம்பியின் வாக்கு வீணாகிறதே என்று அவன் பெயரில் போய் நிற்பதைச் சிலர் கெட்டித்தனமாக எண்ணுகின்றனர். அது ஆள்மாறாட்டம், சட்டத்தின் முன் குற்றம், அல்லாஹ்வின் முன் பொய்ச் சாட்சி. வெளிநாட்டிலிருந்தபடி வாக்களிக்கும் ஏற்பாடு 2024 தேர்தல் வரை நமக்குக் கிடைக்கவில்லை. அதற்காகக் கோரிக்கை வைப்பது நியாயம். களவாக அடையாளமிடுவது நியாயமன்று.

சரியாகப் பதிந்து, சரியாக வரிசையில் நின்றும் வாக்கு வீணாகலாம். 2024 நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலில் நிராகரிக்கப்பட்ட வாக்குகள் மட்டும் 667,240. செப்டம்பரில் ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என்று விருப்பத்தெரிவு இலக்கமிடப் பழகிய கை, இரண்டு மாதத்தில் வேறு முறைக்கு மாற வேண்டியிருந்தது. பாராளுமன்றத் தேர்தலில் ஒரு கட்சிக்கோ சுயேச்சைக் குழுவுக்கோ மட்டும் புள்ளடி இடவேண்டும். பின்னர் அதே கட்சியின் வேட்பாளர்களுக்குரிய இலக்கங்களில் ஆகக் கூடியது மூன்றுக்கு விருப்பு வாக்கு இடலாம். கட்சிக்குப் புள்ளடி இடாமல் இலக்கங்களுக்கு மட்டும் இட்டால் வாக்குச் செல்லாது. இரண்டு கட்சிகளுக்கு இட்டாலும் செல்லாது. பெயர், கையொப்பம், துஆ வாசகம் எதையும் எழுதக்கூடாது. நம் பெரியவர்கள் சிலர் பிஸ்மி எழுதிவிட்டுத் தொடங்குவார்கள். நாவினால் சொல்லிக்கொண்டால் போதும். பேரப்பிள்ளைகள் ஒரு வெற்றுத் தாளில் கோடு போட்டு உம்மம்மாவுக்குப் பழக்கிக் கொடுங்கள். வாக்காளர் அட்டை வரவில்லை என்று வீட்டில் அமர்ந்து விடாதீர்கள். இடாப்பில் பெயரும் கையில் செல்லுபடியான அடையாள அட்டையும் இருந்தால் அது இல்லாமலும் வாக்களிக்கலாம்.

என் வாப்பா இப்போது மாறிவிட்டார். மீளாய்வுக் காலம் வந்தால் மணமுடித்துச் சென்ற பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் தொலைபேசி எடுத்து, "உன்ட பேர எங்க போட்டிருக்கு?" என்று கேட்கிறார். நீங்களும் இன்றிரவு, இஷாவுக்குப் பிறகு, வீட்டிலுள்ள 18 வயது நிரம்பியவர்களின் அடையாள அட்டைகளை ஓரிடத்தில் எடுத்து வையுங்கள். தேர்தல்கள் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் அவ்விலக்கங்களை இட்டு இடாப்பில் பெயர் இருக்கிறதா என்று உங்கள் பிள்ளைகளே பார்த்துச் சொல்வார்கள். எவருடைய பெயராவது இல்லையென்றால், நாளைக்கே கிராம உத்தியோகத்தரிடம் அவரை அழைத்துச் செல்லுங்கள்.