சக்கரத்தின் மேல் அடுப்பு

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு விடுமுறை விட்டதும், வேனில் அரிசிச் சிப்பத்தோடு எரிவாயு உருளையையும் ஏற்றிக்கொண்டு யாத்திரை புறப்படும் அன்பர்கள், 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில், நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டியொன்றில், விதியை மீறி ஏற்றிவந்த உருளையால் தீ மூண்டு 9 பேர் மாண்ட துயரத்தை நினைவில் கொள்ளவேண்டும். புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த அவ்வாயு காற்றைவிடக் கனமானதாகையால், கசிந்தால் மேலெழுந்து கலையாமல், மூடிய வண்டியின் தரையிலேயே தேங்கிவிடுகிறது.

காந்தப் புலத்தால் பாத்திரத்தையே சூடாக்கும் இண்டக்ஷன் அடுப்பில் இந்த அபாயம் இல்லை. ஆயினும் சாதாரண அலுமினியக் குண்டான் அதில் காயாது என்பதோடு, 2000 வாட் அடுப்பொன்று 12 வோல்ட் பாட்டரியிலிருந்து சுமார் 167 ஆம்பியர் இழுக்குமாதலால், வேனின் பாட்டரி அதற்கு ஈடுகொடாது. ருசியில் பேதம் உண்டென்போரோடு நான் வாதாட வரவில்லை. தங்கும் மண்டபத்தில் மின்சாரம் இருந்தால் இண்டக்ஷனே உசிதம். இல்லையேல், அடுப்பை வண்டிக்குள் மூட்டாமல், வெட்டவெளியில் இறக்கிவைத்தே சமைக்கவேண்டும்.