கொடைநிலமும் ஊர்க்குரலும்
(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழா உரை)



சென்னை எழும்பூரில், படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கென 1789ஆம் ஆண்டு ஒரு காப்பகப் பள்ளி தொடங்கப்பெற்றது. அதன் மேற்பார்வைப் பொறுப்பை ஏற்றவர் ஸ்காட்லாந்து நாட்டவரான குருவானவர் ஆண்ட்ரூ பெல். இந்நாட்டுப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்ட அவர், அம்முறையைத் தம் பள்ளிக்குக் கொண்டுவந்தார். ஆசிரியர்கள் அதனை மனமுவந்து ஏற்கவில்லை. எனவே, எழுத்தறிந்த சிறுவன் ஒருவனையே இளைய பிள்ளைகளுக்குக் கற்பிக்க அமர்த்தினார். திண்ணைப் பள்ளிகளின் சட்டாம்பிள்ளையை அறிந்த தமிழர்க்கு இது புதிதன்று. 1797இல் பெல் இலண்டனில் வெளியிட்ட நூலின் வழியாக இம்முறை அங்கே அறிமுகமாயிற்று. 'மதராஸ் முறை' என்றே பெயரும் பெற்றது. 1811இல் இங்கிலாந்துத் திருச்சபையினர் ஏழைப் பிள்ளைகளின் கல்விக்கெனத் தேசியச் சங்கத்தை நிறுவியபோது பெல்லின் முறையையே கைக்கொண்டனர். சேகரந்தோறும் ஒரு பள்ளி என்பது அச்சங்கத்தின் குறிக்கோளாக இருந்தது.

அச்சங்கத்தின் வழிவந்த பள்ளிகள் இன்றும் நடைபெறுகின்றன. இங்கிலாந்தின் தொடக்கப் பள்ளிகளுள் ஏறத்தாழ நான்கில் ஒன்று இங்கிலாந்துத் திருச்சபையைச் சார்ந்தது. அத்தகைய பள்ளிகள் பலவும் தம் தனிநிலையை விடுத்து, அகாதமி அறக்கட்டளை எனப்படும் பள்ளிக் கூட்டமைப்புகளில் இணைந்துள்ளன. அவ்விணைப்பில் எது காக்கப்படுகிறது, எது காவலின்றி விடப்படுகிறது என்பதை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

இப்பள்ளிகள் எவ்வாறு எழுந்தன என்பதை முதலில் அறிதல் வேண்டும். பள்ளிக் கட்டடங்களுக்கென அந்நாட்டு அரசு முதன்முதலில் பணம் ஒதுக்கியது 1833இல்தான். அத்தொகை 20,000 பவுன். அதற்கு முன்னரே ஊரார் காசு திரட்டிப் பள்ளி கட்டியிருந்தனர். 1841ஆம் ஆண்டுப் பள்ளி மனைச் சட்டம், நிலக்கிழார் ஒருவர் ஓர் ஏக்கர் வரையிலான நிலத்தைப் பள்ளிக்கெனக் கொடையளிக்க வழிசெய்தது. அந்நிலம் பள்ளிப் பயனை இழப்பின் கொடையாளரின் வழியினரைச் சேரும் என்பது அச்சட்டத்தின் நிபந்தனை. 1987இல் வந்த சட்டம் இந்நிபந்தனை செயற்படும் முறையை மாற்றியது. ஆயினும் கொடையாளர் வழியினரின் உரிமையை அது அழிக்கவில்லை. ஒரு கோயில் மானியத்திற்குரிய பற்றும் வழக்கும் இந்நிலங்களுக்கும் உண்டு எனலாம்.

1870இல் அரசு சார்ந்த வாரியப் பள்ளிகள் தோன்றின. 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் திருச்சபைப் பள்ளிகளின் முன் இரு வழிகளை வைத்தது. கட்டடச் செலவில் பாதியைத் தாமே ஏற்பவை உதவிபெறும் பள்ளிகளாயின. அவற்றின் ஆட்சிக் குழுவில் திருச்சபையின் சார்பாளர் பெரும்பான்மையினராக இருப்பர். செலவு முழுவதையும் அரசிடம் விட்டவை கட்டுப்பாட்டுப் பள்ளிகளாயின. அவற்றில் திருச்சபையின் சார்பாளர் சிறுபான்மையினர். பின்னர்ச் செலவின் விகிதம் குறைந்துகொண்டே வந்தது. உதவிபெறும் பள்ளி இன்று ஏற்க வேண்டியது பொதுவாகப் பத்தில் ஒரு பங்கே. எவ்வகையாயினும், ஒவ்வொரு பள்ளிக்கும் தனக்கென ஓர் ஆட்சிக் குழு இருந்தது. சேகரக் குருவானவர், பெற்றோர், ஆசிரியர், ஊர்ப் பெரியோர் ஆகியோர் அதில் அமர்ந்தனர்.

இந்நிலை இருபத்தொன்றாம் நூற்றாண்டில் மாறலாயிற்று. நலிந்த நகர்ப்புறப் பள்ளிகளை உள்ளாட்சி மன்றங்களின் பொறுப்பிலிருந்து விடுவிக்கும் அகாதமித் திட்டம் 2000இல் அறிவிக்கப்பட்டது. முதல் அகாதமிகள் 2002இல் திறக்கப்பட்டன. 2010ஆம் ஆண்டு அகாதமிச் சட்டம் எல்லாப் பள்ளிகளுக்கும் அவ்வாயிலைத் திறந்தது. அகாதமி என்பது அரசின் பணத்தில் நடக்கும் கட்டணமில்லாப் பள்ளி. ஆயினும் அது உள்ளாட்சி மன்றத்திற்கு உட்பட்டதன்று. அறநிறுவனமாகிய ஓர் அறக்கட்டளை, கல்வி அமைச்சருடன் செய்துகொண்ட நிதி ஒப்பந்தத்தின்படி அதனை நடத்தும். ஓர் அறக்கட்டளை பல பள்ளிகளை நடத்தலாம். இன்று இங்கிலாந்தின் அரசுநிதிப் பள்ளி மாணவருள் பாதிக்கு மேற்பட்டோர் அகாதமிகளில் பயில்கின்றனர். அண்டை நிலங்களாகிய ஸ்காட்லாந்தும் வேல்சும் இம்முறையை ஏற்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

திருச்சபைப் பள்ளி இவ்வாறு இணைவதற்குரிய காரணங்களை எளிதில் புறந்தள்ள இயலாது. நாட்டுப்புறத்துத் திருச்சபைப் பள்ளிகள் பல மிகச் சிறியவை. பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு ஏற்பவே நிதி வருகிறது; எண்ணிக்கை குறைந்தால் ஓர் ஆசிரியரின் ஊதியமே கேள்விக்குள்ளாகிறது. கூரை ஒழுகினாலும் கணக்கு எழுதினாலும் தலைமையாசிரியர் ஒருவரே முன்நிற்க வேண்டியிருக்கிறது. 2010க்குப் பின் உள்ளாட்சி மன்றங்களின் வருவாய் சுருங்கியதால் அவை முன்னர் அளித்துவந்த துணையும் சுருங்கியது. கூட்டமைப்பில் சேர்ந்தால் கணக்கர், சட்ட அறிவுரை, சிறப்புத் தேவையுடைய பிள்ளைகளுக்கான வல்லுநர் ஆகியோரைப் பல பள்ளிகள் பங்கிட்டுக்கொள்ளலாம். இளம் ஆசிரியர் ஒருவர் அடுத்த பள்ளியின் மூத்தவரிடம் கற்கலாம். நலிந்து கிடந்த சில பள்ளிகள் இவ்வாறு நிமிர்ந்ததும் உண்மை.

விருப்பின்றி இணைந்த பள்ளிகளும் உண்டு. ஆய்வில் 'போதாதது' எனத் தீர்ப்புப் பெற்ற பள்ளியை அகாதமியாக்க ஆணையிடுவதை 2016ஆம் ஆண்டுச் சட்டம் அமைச்சரின் கடமையாக்கியது. அவ்வாண்டு மார்ச்சில் எல்லாப் பள்ளிகளையும் அகாதமிகளாக்கும் திட்டமும் வெளியிடப்பட்டது. எதிர்ப்பு மிகுந்ததால் மே மாதத்திலேயே அக்கட்டாயம் கைவிடப்பட்டது. 2024 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட மசோதா, 2016இன் கடமையை விருப்புரிமையாகத் தளர்த்த முனைந்தது. இருபதாண்டுகளுக்குள் அரசின் கொள்கை எத்துணை முறை திரும்பியது என்பதை இது காட்டும்.

இனி, இணையும் முறையைக் காணலாம். விருப்பத்தின்பேரில் இணைவதாயின் பள்ளியின் ஆட்சிக் குழு முதலில் தீர்மானிக்க வேண்டும். தக்கவர் எனத் தான் கருதுவோரின் கருத்தை அது கேட்க வேண்டும் எனச் சட்டம் கூறுகிறது. கேட்ட கருத்துக்குக் கட்டுப்பட வேண்டும் எனக் கூறவில்லை. திருச்சபைப் பள்ளியாயின் நிலத்தின் அறங்காவலரும் திருமண்டலமும் இசைதல் வேண்டும். பின்னர் நிதி ஒப்பந்தத்துடன் திருச்சபைக்கெனத் தனியான துணை ஒப்பந்தமும் கையெழுத்தாகும். நிலம் பழைய அறங்காவலரிடமே இருக்கும். அறக்கட்டளை அதனைப் பயன்படுத்த மட்டுமே உரிமை பெறும். பள்ளியின் சமயத் தன்மை தொடரும். 2005ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 48ஆம் பிரிவின்படி அத்தன்மையை ஆராயும் தனி ஆய்வும் தொடரும். அறக்கட்டளையின் உயர் குழுக்களில் திருமண்டலத்தின் சார்பாளர் இடம்பெறுவர். ஆக, நிலமும் சமயமும் கையெழுத்திட்ட ஆவணங்களால் காக்கப்படுகின்றன. இருநூறு ஆண்டுப் பட்டறிவுடைய திருச்சபை இதில் விழிப்பாகவே இருந்துள்ளது.

ஊராரின் குரலுக்கு அத்தகைய காவல் இல்லை. இணைப்பு நிகழும் நாளில் பழைய ஆட்சிக் குழு கலைந்துபோகிறது. அக்குழு எடுக்கும் கடைசிப் பெருந்தீர்மானம் தன்னைக் கலைத்துக்கொள்வதே. அதன்பின் பள்ளிக்குத் தனியான சட்ட ஆளுமை இல்லை. ஆசிரியரின் பணியும் வரவுசெலவும் அறக்கட்டளையைச் சேரும். பள்ளிகளின் நிதியை ஒன்றாகத் திரட்டித் தன் கணிப்பின்படி பிரித்தளிக்கவும் அறக்கட்டளைக்கு உரிமை உண்டு. ஊரில் ஓர் உள்ளூர்க் குழு அமையலாம். பெற்றோர் இருவர் அதில் அமரலாம். உள்ளூர்க் குழுக்களில் பெற்றோர் இருந்தால் மேலுள்ள அறங்காவலர் குழுவில் பெற்றோர் இருந்தாக வேண்டியதில்லை. உள்ளூர்க் குழுவுக்கு எவ்வெவ் அதிகாரம் என்பதை வகுப்பது அறக்கட்டளையின் அதிகாரப் பகிர்வு ஆவணம். அது அறக்கட்டளை தானே எழுதுவது. தானே திருத்தவும் வல்லது. பள்ளி மனம் மாறினாலும் தன் முடிவால் வெளியேற இயலாது. அறக்கட்டளையும் அரசும் இசைந்தால் மட்டுமே வேறோர் அறக்கட்டளைக்கு மாறலாம்.

இதுவே இப்பொருளின் உட்கிடை. திருச்சபைக்குரியது ஒப்பந்தத்தால் காக்கப்படுகிறது. ஊர்க்குரியது நல்லெண்ணத்தை நம்பி விடப்படுகிறது. நல்ல தலைமை உள்ளவரை இவ்வேறுபாடு புலப்படாது. தலைமை மாறும்போதும், இரு சிறு பள்ளிகளுள் எதனை நிலைநிறுத்துவது என்னும் நெருக்கடி எழும்போதும் அது புலப்படும். அப்போது பெற்றோர் எந்தக் கதவைத் தட்டுவர்? உள்ளாட்சி மன்ற உறுப்பினரைத் தேர்தலில் மாற்றலாம். அறங்காவலரை மாற்ற ஊராருக்கு வாக்கில்லை.

எனவே, கையெழுத்திடுமுன் ஆட்சிக் குழு கேட்க வேண்டிய கேள்விகள் சில உள. தலைமையாசிரியரைத் தேர்ந்தெடுப்பதில் ஊருக்குப் பங்குண்டா? நிதி திரட்டப்பட்டால் சிறு பள்ளி முறையிட இடமுண்டா? உள்ளூர்க் குழுவைக் கேளாமல் அதன் அதிகாரத்தைக் குறைப்பதில்லை என அறக்கட்டளை எழுத்தில் உறுதி தருமா? நிலத்துக்கும் சமயத்துக்கும் தனி ஒப்பந்தம் எழுதத் தெரிந்த திருமண்டலங்கள், ஊர்க்குரலுக்கும் ஓர் உறுதிமொழியைக் கேட்டுப் பெறுதல் அரிதன்று. இசைவைத் தரவும் மறுக்கவும் வல்ல இடத்தில் அவை இருக்கின்றன.

ஊர் கூடித் தேர் இழுத்தல் என்பது தமிழ் வழக்கு. பல ஊர்கள் கூடி ஒரு தேரை இழுப்பதில் தவறில்லை. ஒவ்வோர் ஊரின் கையிலும் வடம் இருத்தல் வேண்டும். எழும்பூருக்கு வந்த பெல், மணலில் எழுதிய பிள்ளைகளை அருகில் நின்று கண்டதனால்தான் அவருடைய முறை பிறந்தது. பள்ளியை அருகிருந்து காண்போரின் சொல்லுக்கு முடிவெடுக்கும் அவையில் இடமிருக்க வேண்டும் என்பதே அப்பள்ளிகளின் பிறப்பு வரலாறு இன்றும் உணர்த்தும் பாடம்.