தட்டில் எவ்வளவு சோறு?



ஸ்ரீராம்புரத்தில் கட்டட வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. பெயிண்ட் அடிக்கிறவர்களும் உண்டு. சாரத்திலிருந்து விழுந்தால் முதுகுத்தண்டில் அடிபடலாம். தண்டுக்குள் ஓடும் நரம்பு நசுங்கினால், அதற்குக் கீழே உடம்பு அசையாது.

1975-இல் இதே பெங்களூருக்கு ஓர் இளைஞர் வந்தார். பெயர் எஸ். ராமகிருஷ்ணன். ஊர், தென்காசி அருகே ஆய்க்குடி. கடற்படை அதிகாரி தேர்வின்போது கீழே விழுந்தார். கழுத்துக்குக் கீழே உடம்பு செயலிழந்தது. 1981-இல் அவர் ஊரிலே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 2020-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அடிபட்டு 45 ஆண்டுகள் கழித்து!

அடிபட்டவருக்கு முன்னே நீண்ட வாழ்க்கை இருக்கிறது. அவர் தட்டில் என்ன விழுகிறது என்பது அதனால்தான் முக்கியம்.

"பாவம், பிள்ளை நன்றாகச் சாப்பிடட்டும்" என்று அம்மா இன்னொரு கரண்டி சோறு வைக்கிறாள். பாசம்தான். ஆனால் அந்த உடம்புக்கு அது அதிகம்.

ஏன்? சும்மா படுத்திருந்தாலும் இதயம் துடிக்கிறது, மூச்சு ஓடுகிறது. அதற்கும் சாப்பாட்டின் சக்தி செலவாகிறது. சதை அதிகம் செலவழிக்கும். கொழுப்பு குறைவாகவே செலவழிக்கும். அடிபட்ட சில வாரங்களிலேயே கால் சதை கரையத் தொடங்குகிறது. கொழுப்பு சேர்கிறது, வயிற்றுக்குள்ளும் சேர்கிறது. எலும்பும் மெலிகிறது. அதனால் சும்மா இருக்கும்போது ஆகும் செலவு, மற்றவர்களைவிட நூற்றுக்கு 14 முதல் 27 பங்கு வரை குறைவு என்று ஆய்வுகள் சொல்கின்றன.

எடை மெஷின் இதைக் காட்டாது. சதை போய்க் கொழுப்பு வந்தால், முள் அதே இடத்தில்தான் நிற்கும். "ஆள் ஒல்லியாகத்தானே இருக்கிறார்" என்று வீட்டார் ஏமாறுவார்கள். உள்ளே சர்க்கரை நோயும் இதய நோயும் வளரலாம். உடம்பு கனத்துவிட்டாலோ, வீல்சேருக்குத் தூக்கி மாற்றும் மனைவியின் இடுப்பு ஒடியும்.

அதற்காகப் பட்டினி போடக் கூடாது. சோறு, எண்ணெய், சர்க்கரை குறையலாம். பருப்பு, முட்டை, மீன், கீரை குறையக் கூடாது. படுக்கைப் புண் வந்தால் கணக்கே மாறும். புண் ஆறக் கூடுதல் சாப்பாடு வேண்டும். எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்க வேண்டும்.

கை அசைந்தால், கைக்கு வேலை கொடுக்கலாம். வீல்சேரைத் தானே தள்ளுவதும் உடற்பயிற்சிதான். மாதம் ஒரு முறை படுக்க வைத்து, டெய்லர் டேப்பால் வயிற்றைச் சுற்றி அளக்கலாம். அளவைக் காலண்டரில் எழுதி வைக்கலாம். டாக்டரிடம் போகும்போது அந்தக் காலண்டரையும் கொண்டு போகலாம்.