மருந்துக் கேனுக்குப் பூ வேண்டாம்

(அறுகம்பேயில் நடந்த மகளிர் பயிற்சியில் ஆற்றிய உரை)



பதுளை, பசறைப் பக்கமிருந்து மொனராகலை, பொத்துவில் தாண்டி இந்தக் கடற்கரைக்கு வந்திருக்கிறோம். பழைய அரிசிச் சாக்குகளைப் பைகளாக்கி உல்லாசப் பயணிகளுக்கு விற்கும் 'ரைஸ் அண்ட் கேரி' இந்த ஊரில்தான் இருக்கிறது. தைப்பவர்கள் பெண்கள். வீசுகிற சாமானும் கைவேலை பட்டால் விலை போகும் என்பதற்கு இதுவே சாட்சி.

நாம் பழகும் வேலை இன்னும் சின்னது. வெறும் பிளாஸ்டிக் டப்பாவில் காற்றில் காயும் களியால் பூவும் இலையும் ஒட்டுவது. களியை வீட்டிலேயே செய்யலாம். பைண்டர் கம்மும் சோளமாவும் சம அளவு, கொஞ்சம் எண்ணெய், சில துளி எலுமிச்சைச் சாறு. சின்ன நெருப்பில் கிளறினால் ரொட்டி மாப் பதத்துக்குத் திரளும். அந்தச் சட்டியில் பிறகு சமைக்க வேண்டாம். பிளாஸ்டிக் வழுவழுப்பானது, களி பிடிக்காது. சேன்ட் பேப்பரால் தேய்த்து, கம் பூசித்தான் ஒட்ட வேண்டும். காயும்போது களி சுருங்கும். தடிப்பாக அப்பினால் வெடிக்கும். நிழலில் இரண்டு மூன்று நாள் விடுங்கள். நம் மலையில் மழைக்காலத்தில் அதுவும் போதாது! பெயின்டும் வானிஷும் பூசினாலும் தண்ணீரில் ஊறவிடக் கூடாது.

எந்த டப்பாவை எடுப்பது என்பதுதான் பெரிய விஷயம். யோகட் கோப்பை, ஐஸ்கிரீம் டப்பா, ஷாம்பு போத்தல் எல்லாம் சரி. தோட்டத்தில் மருந்தடித்து முடிந்த கேன் மட்டும் கூடாது. கெட்டியாக, மூடியோடு இருப்பதால் கை அதற்குத்தான் முதலில் போகும். ஆனால் மருந்து பிளாஸ்டிக்கிலேயே ஊறியிருக்கும். மூன்று தரம் அலசித் துளை போட வேண்டும் என்பது, யாரும் அதைத் திரும்பப் பாவிக்காமல் இருக்கத்தான். வீட்டுக்குக் கொண்டுபோக அல்ல. 2021 மார்ச் 31 முதல் விவசாய இரசாயனங்களை பெட், பிவிசி போத்தல்களில் அடைப்பதையே அரசாங்கம் தடை செய்திருக்கிறது. மற்றக் கேன்கள் இன்னும் வருகின்றன.

சோடித்தால் ஆபத்து கூடும். லேபிளும் மண்டையோட்டுப் படமும் களிக்குள் மறைந்துவிடும். அடுத்த வருசம் அது என்ன கேன் என்று யாருக்கு ஞாபகம் இருக்கும்? பிள்ளை அதில் தண்ணீர் அள்ளும், விருந்தாளி அரிசி போட்டு வைப்பார்.

வெறும் கேன்களை எண்ணி வாங்கி ஸ்டோரிலேயே பூட்டி வைக்கும்படி தோட்ட நிர்வாகங்களிடம் கேட்கப் போகிறோம். உங்கள் லயத்துக்கு வந்துவிட்ட கேன்கள் எத்தனை, எதற்குப் பாவிக்கிறார்கள் என்று பார்த்து, அடுத்த கூட்டத்துக்கு முன் மாதர் தலைவியிடம் கணக்குச் சொல்லுங்கள்.