திரிகடுகத்தில் மூன்றாவது



பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்றாகிய திரிகடுகத்தை அறிவீர்கள். நல்லாதனார் பாடியது. சுக்கு, மிளகு, திப்பிலி ஆகிய மூன்றும் உடல்நோய் தீர்ப்பதுபோல, பாட்டுக்கு மூன்றாக வரும் கருத்துகள் உள்ளத்தின் நோய் தீர்க்கும் என்பது பெயர்க் காரணம். சுக்கு எங்கள் வேர்க்கொம்பு. மிளகு இல்லாத அடுப்படி இல்லை. மூன்றாவதான திப்பிலி எங்கே?

சென்ற வாரம் மருதனார்மடத்தில் ஒரு கடையில் திப்பிலி கேட்டேன். "ஆருக்கு ஐயா சுகமில்லை?" என்றான் கடைத் தம்பி. "சமையலுக்கு" என்றேன். சிரித்துக்கொண்டே அடித்தட்டிலிருந்த போத்தலை எடுத்தான்.

அவனில் பிழையில்லை. ஆனால், ஒரு காலத்தில் திப்பிலி மிளகையும் விஞ்சிய சரக்கு. முதலாம் நூற்றாண்டில் உரோமாபுரியில் ஓர் இறாத்தல் கருமிளகு 4 தெனாரியஸ், திப்பிலியோ 15 தெனாரியஸ் என்று பிளினி எழுதிவைத்திருக்கிறார். வடமொழியின் 'பிப்பலி'தான் கிரேக்கத்திலும் இலத்தீனிலும் திரிந்து ஆங்கிலத்தில் 'பெப்பர்' ஆயிற்று. பெயரைக் கொடுத்தது திப்பிலி, பெற்றுக்கொண்டது மிளகு. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயருடன் மிளகாய் வந்தது. எளிதாக விளைந்த அது அடுப்படியைப் பிடித்துக்கொள்ள, திப்பிலி மருந்துச் சரக்காக ஒதுங்கியது.

எங்கள் வீட்டில் அது ஒதுங்கவில்லை. 1995 ஒக்டோபரில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, அம்மா கைவிடாமல் கொண்டுவந்தவற்றுள் ஒன்று சரக்குப் பேணி. அக்காவுக்கு அது நிறைமாதம். தென்மராட்சியில் ஒரு வீட்டு விறாந்தையில் பிள்ளை பிறந்தபின், இரவல் அம்மியில் அம்மா சரக்கு அரைத்தார். நான் பக்கத்தில் நின்று தண்ணீர் தெளித்தேன். அன்று பிறந்த மருமகளுக்கு இப்போது பிள்ளை பிறந்திருக்கிறது. அம்மாவும் இல்லை, அக்காவும் இல்லை. "மாமா, அம்மம்மாவின் திப்பிலி ரசம் எப்படி?" என்று கேட்டாள். அம்மாவின் அளவுகளோ கைப்பிடியும் நுள்ளும்தான். மூன்றுமுறை வைத்துப் பார்த்தே இந்த அளவுகளைக் கண்டேன்.

நாலு பேருக்குத் திப்பிலி 5, மிளகும் நற்சீரகமும் ஒவ்வொரு தேக்கரண்டி, கொத்தமல்லி ஒரு மேசைக்கரண்டி, செத்தல் மிளகாய் ஒன்று. தாச்சியில் எண்ணெய் விடாமல் இளஞ்சூட்டில் வறுக்க வேண்டும். திப்பிலி கருகினால் கசக்கும். ஆறியபின் இடித்து, 6 பல்லு உள்ளியைத் தட்டிச் சேருங்கள். சிறு தேசிக்காயளவு பழப்புளியை 4 கோப்பை தண்ணீரில் கரைத்து, உப்பும் மஞ்சளும் இட்டு, பச்சை வாசம் போகக் கொதித்ததும் இடித்ததைப் போடுங்கள். நுரை கட்டியவுடன் இறக்கிவிட வேண்டும்; மேலும் கொதித்தால் மணம் போய்விடும். கறிவேப்பிலையைக் கசக்கிப் போட்டு மூடுங்கள். முதலில் இலேசான இனிப்பு, பிறகு மெல்ல ஏறும் காரம், கடைசியில் நாக்கில் ஒரு விறுவிறுப்பு: அதுதான் திப்பிலி.

அளவு மீறவேண்டாம். திப்பிலியை நெடுநாள் மிகுதியாக உண்ணலாகாது என்று சரக சங்கிதையே எச்சரிக்கிறது. நாளாந்தம் மருந்து எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் வைத்தியரைக் கேட்பது நல்லது.

மருமகளுக்கு இவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். உங்கள் வீட்டிலும் கைப்பிடியால் அளக்கும் ஒரு கை இருக்கக்கூடும். அது இருக்கும்போதே பக்கத்தில் நின்று கேட்டு எழுதிவையுங்கள்.