முதிர்ந்த அணுவும் தூது செல்லும் நுண்பொதியும்

பால்மரத்தின் பட்டையைச் சீவுகிறோம். சில ஆண்டுகளில் அதே இடத்தில் புதுப்பட்டை வளர்ந்து, மறுபடியும் கத்தி வைக்கலாம் என்றாகிறது. பட்டைக்கு அடியிலுள்ள இளம்படலம் காயப்படாமல் இருந்தால்தான் இது நடக்கும். மனிதனுக்கும் கருவின் தொடக்கத்தில் இத்தகைய இளம் அணுக்கள் உண்டு. எந்த உறுப்பாகவும் மாறவல்ல அவற்றைக் குருத்தணுக்கள் என்கிறோம். வளர்ந்த பின்போ, தோலணு தோலணுவாகவே இருந்துவிடுகிறது.

முதிர்ந்த அணுவை மீண்டும் குருத்தாக்க முடியுமா? முடியும் என்பதற்கு 1962-இல் வழி காட்டியவர் இங்கிலாந்தின் ஜான் கர்டன். தலைப்பிரட்டையின் குடலணுவிலிருந்து உட்கருவை எடுத்து, உட்கரு நீக்கிய தவளை முட்டையில் வைத்தார். அது தலைப்பிரட்டையாக வளர்ந்தது. பள்ளியில் உயிரியலில் 250 மாணவர்களுள் கடைசியாக வந்தவர் இவர். அறிவியல் இவருக்கு ஆகாது என்று ஆசிரியர் எழுதியும் வைத்தார். ஆசிரியர்களாகிய நாம் சிவப்பு மையைத் தொடுமுன் இதை நினைத்துக்கொள்ளலாம்.

2006-இல் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் ஷின்யா யாமனாக்கா, 24 மரபணுக்களைச் சோதித்து, நான்கே போதும் எனக் கண்டார். எலியின் அணு குருத்தணுவாயிற்று. மறு ஆண்டே மனிதத் தோலணுவும் அவ்வாறே மாறியது. 2012-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ஆயினும் ஒரு சிக்கல். அந்த நான்கையும் அணுவுக்குள் கொண்டுசென்றது வைரஸ். வந்த தூதுவன் செய்தியைச் சொல்லிவிட்டுப் போகாமல், வீட்டிலேயே குடியேறிவிடுவதைப் போல, அது அணுவின் மரபுப் பொருளிலேயே ஒட்டிக்கொள்கிறது. நான்கில் ஒன்று புற்றுநோயோடு தொடர்புடைய மரபணுவும்கூட. எலிகளில் கட்டிகள் தோன்றின.

ஆகவேதான் வேறு தூதுவனைத் தேடினார்கள். ஒரு மீட்டரை நூறு கோடியாகப் பகுத்தால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். நம் தலைமுடியின் கனம் சற்றொப்ப 80,000 நானோமீட்டர். நூறு நானோமீட்டர் அளவில் கொழுப்பினால் நுண்பொதி செய்து, அதனுள் தூது ஆர்.என்.ஏ. என்னும் கட்டளையை வைக்கிறார்கள். 2020 முதல் போடப்பட்ட கோவிட் தடுப்பூசிகள் சிலவற்றில் இருந்ததும் இத்தகைய பொதிதான். எதிர்மின்னூட்டம் கொண்ட ஆர்.என்.ஏ.வை அணுவின் சவ்வு தானாக உள்ளே விடாது. பொதியை மட்டும் விழுங்கிக்கொள்ளும். விழுங்கியதில் பெரும்பகுதி அங்கேயே அழிந்துவிடுகிறது. தப்பிய கட்டளை உட்கருவைத் தொடாமல் வேலை செய்து, பிறகு சிதைந்துபோகிறது. தடயம் இல்லை. ஆனால் ஒருமுறை கொடுத்தால் போதாது; திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டும்.

இதற்குள் "குருத்தணு ஊசி" என்று எல்லா நோய்க்கும் விளம்பரம் செய்வோர் கிளம்பிவிட்டனர். நகையை அடகு வைத்து அங்கே போகுமுன், அரசாங்க மருத்துவமனை டாக்டரைக் கேட்டுவிடுவது நல்லது. முறையான சிகிச்சை எவ்வளவு நிதானமாக நடக்கும் என்பதற்கு ஜப்பானின் கோபே நகரம் சான்று. 2014-இல் அங்கே எழுபது வயதைக் கடந்த ஒரு மூதாட்டியின் கண்ணில், அவருடைய தோலணுவிலிருந்தே உருவாக்கிய விழித்திரைப் படலத்தை வைத்தார்கள். ஓராண்டு கழித்தும் பார்வை கூடவில்லை, குறையவும் இல்லை. இரண்டாம் நோயாளிக்காக ஆயத்தம் செய்த அணுக்களில் மரபணு மாற்றங்கள் தென்படவே, 2015-இல் அந்தச் சிகிச்சையை நிறுத்திவிட்டார்கள்.